கார் இல்லாமல் ஸ்ரீரங்கம் சுற்ற முடியுமா? ரயில், ஒண்ணாம் நம்பர் பஸ், நடை: முழு விவரம்

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ காரில் போக வேண்டும் என்றால் இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-ம் தேதி இந்த நடைமுறை தொடங்கியது. 2025 கோடை சீசனில் இன்னும் ஒரு படி மேலே போய், நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று வரம்பும் வந்தது. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு மட்டும் எந்தப் பாஸும் தேவையில்லை.

மலைப் பாதை குறுகல், அதனால் கட்டுப்பாடு. இது எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் சமவெளியிலேயே, அதைவிடக் குறுகலான வாசல்கள் உள்ள ஊர் ஒன்று இருக்கிறது. இரண்டு ஆறுகளுக்கு நடுவில், கோயிலின் மதில்களுக்குள்ளேயே தெருக்களை வைத்துக்கொண்டு, லீவு நாளில் வெளியூர் கார்கள் அத்தனையையும் தாங்கிக்கொண்டிருக்கிறது. ஸ்ரீரங்கத்துக்கு இ-பாஸ் கிடையாது. ஆனால் கார் இல்லாமல் போனால்தான் ஸ்ரீரங்கம் சுலபம் என்பது ஒருமுறை போய் வந்தவர்களுக்குத் தெரியும். எப்படிப் போவது, எங்கே இறங்குவது, எவ்வளவு நடக்க வேண்டும்? பார்க்கலாம்.

ஸ்ரீரங்கத்தில் மட்டும் கார் ஏன் இவ்வளவு பெரிய பிரச்னை?

முதல் காரணம் ஆறு. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே போவது காவிரி. நடுவில் இருக்கும் தீவில்தான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் இருக்கின்றன. 'அரங்கம்' என்ற சொல்லுக்கே ஆற்றின் நடுவே இருக்கும் திட்டு என்று ஒரு பொருள் உண்டு. ஊர்ப் பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தீவு என்றால் பாலம் வழியாகத்தான் உள்ளே வர முடியும். திருச்சி நகரத்திலிருந்து வருகிறவர்களுக்குச் சிந்தாமணியையும் மாம்பழச்சாலையையும் இணைக்கும் காவிரிப் பாலம்தான் வழி. 1976-ல் திறக்கப்பட்ட பாலம் அது. பராமரிப்பு வேலைக்காக 2022 செப்டம்பரில் அதை மூடினார்கள். 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். அந்த ஆறு மாதமும் பஸ்ஸும் காரும் சென்னை பைபாஸ் பாலம் வழியாகச் சுற்றிப் போயின. பத்து நிமிடப் பயணம் எத்தனை நிமிடம் ஆனது என்று திருச்சிக்காரர்களிடம் கேட்டால் இன்றைக்கும் பெருமூச்சுதான் வரும். பழைய பாலத்தை ஒட்டி நான்கு வழிப் புதுப் பாலம் கட்டும் வேலை அதற்குப் பிறகு தொடங்கியது.

பாலத்தை அகலமாக்கலாம். ஆனால் பாலத்தைத் தாண்டி வரும் கார் போய் நிற்கிற இடத்தை அகலமாக்க முடியாது. அதுதான் இரண்டாவது காரணம்.

அது தெருவா, பிராகாரமா?

இரண்டும்தான். ஸ்ரீரங்கம் ரங்கநாதர் கோயில் சுமார் 156 ஏக்கர் பரப்பு. ஏழு சுற்று மதில்கள், 21 கோபுரங்கள். உள் சுற்றுகளில் சன்னிதிகள், மண்டபங்கள். வெளிச் சுற்றுகளில் வீடுகள், கடைகள், மடங்கள், பூக்கட்டும் திண்ணைகள். உத்தர வீதியும் சித்திரை வீதியும் அஞ்சல் முகவரியில் தெருக்கள். கோயில் கணக்கில் அவை பிராகாரங்கள். பெருமாள் புறப்பாடு வரும் பாதையும் அதுதான், பால் பாக்கெட் வண்டி வரும் பாதையும் அதுதான்.

தைத் தேர் உத்தர வீதிகளில் ஓடும். சித்திரைத் தேர் சித்திரை வீதிகளில் ஓடும். தேர் ஓடும் அகலத்துக்குத்தான் வீதி இருக்கிறது. அந்த அகலத்தில் இரண்டு பக்கமும் கார் நின்றால் மிச்சம் என்ன இருக்கும்?

ஒரு சின்னக் கணக்கு. ஒரு காரை நிறுத்த இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் வேண்டும். அதாவது 12.5 சதுர மீட்டர். நூறு கார் என்றால் 1,250 சதுர மீட்டர். திருப்பவும் வெளியே எடுக்கவும் தேவையான இடத்தைச் சேர்த்தால் இது கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். நூறு காரில் வருகிறவர்கள் நானூறு, ஐந்நூறு பேர். அதே கூட்டம் பத்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கிவிடும். பஸ் அங்கே நிற்காது, இறக்கிவிட்டுப் போய்விடும்.

இந்த வீதிகளில் குடியிருப்பவர்களுக்கு இது வெறும் சலிப்பு அல்ல. ராத்திரி நெஞ்சுவலி என்று ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால், வீட்டு வாசல்வரை வண்டி வருமா என்பது தெருவில் யார் காரை எப்படி நிறுத்தியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மதில் சூழ்ந்த ஊரில் மாற்று வழி என்று அதிகம் கிடையாது. கோபுர வாசல் எத்தனையோ அத்தனைதான் வழி.

236 அடி உயர தெற்கு ராஜகோபுரம் நூற்றாண்டுகளாக மொட்டையாக நின்று, 1987-ல்தான் முழுமை பெற்றது. 2017-ல் இந்தக் கோயிலின் புனரமைப்புப் பணிக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. கோபுரத்துக்கு இவ்வளவு செய்த நாம், கோபுர வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறோம்.

ரயிலில் வந்தால் எங்கே இறங்குவது?

பலர் செய்யும் தவறு, டிக்கெட்டைத் திருச்சி ஜங்ஷன்வரை எடுத்துவிட்டு, அங்கிருந்து ஆட்டோவோ கால் டாக்ஸியோ பிடித்து ஸ்ரீரங்கம் வருவது. ஸ்ரீரங்கத்துக்கே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. சென்னை, விழுப்புரம், அரியலூர், திருச்சி என்று வரும் கார்டு லைனில், திருச்சிக்குச் சற்று முன்னால். முன்பதிவுத் தளத்தில் எஸ்.ஆர்.ஜி.எம். என்று போட்டால் வரும். நிலையத்திலிருந்து கோயில் சுமார் ஒரு கிலோமீட்டர். பை கனமில்லை என்றால் நடந்துவிடலாம்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் வசதி. ராத்திரி ஏறினால் அதிகாலையில் ஸ்ரீரங்கம். வெயில் ஏறுவதற்குள் தரிசனத்தை முடிக்க நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல நேரம் இல்லை. பகலில் பயணம் வேண்டும் என்றால் பல்லவன் எக்ஸ்பிரஸும் ஸ்ரீரங்கத்தில் நிற்கும். எல்லா வேக ரயில்களும் இங்கே நிற்காது. புக் செய்யும்போதே நிறுத்தம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நிறுத்தம் இல்லாவிட்டால் ஜங்ஷனில் இறங்கி பஸ் பிடிக்கலாம்.

இன்னொரு குழப்பம். திருச்சியில் 'டவுன்' என்று ஒரு நிலையமும் 'கோட்டை' என்று ஒரு நிலையமும் உண்டு. இரண்டும் வேறு வேறு. டவுன் நிலையம் ஸ்ரீரங்கத்துக்கும் ஜங்ஷனுக்கும் நடுவில், சென்னை கார்டு லைனில். கோட்டை நிலையம் கரூர், ஈரோடு பாதையில். ஈரோடு பக்கத்திலிருந்து வருகிறவர்கள் கோட்டையில் இறங்கினால் சத்திரம் பேருந்து நிலையம் பக்கம். அங்கிருந்து ஸ்ரீரங்கத்துக்கு பஸ் சுலபம்.

வெளியூர் பஸ்ஸில் வந்தால்?

இங்கேதான் சமீபத்தில் ஒரு பெரிய மாற்றம். பஞ்சப்பூரில் கட்டப்பட்ட ஒருங்கிணைந்த பேருந்து முனையம் 2025 மே மாதம் திறந்து வைக்கப்பட்டது. ஜூலையில் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்குமுன் வெளியூர் பஸ் என்றால் மத்திய பேருந்து நிலையம்தான். ரயில்வே ஜங்ஷனிலிருந்து நடக்கிற தூரம். பஞ்சப்பூர் மதுரை நெடுஞ்சாலையில், நகரத்துக்குத் தெற்கே இருக்கிறது. ஸ்ரீரங்கமோ நகரத்தின் வடக்கு முனை. அதாவது ஸ்ரீரங்கம் போகிறவர்கள் முழு நகரத்தையும் குறுக்கே கடக்க வேண்டும். நகரத்துக்குள் வெளியூர் பஸ் நெரிசல் குறைந்தது நல்ல விஷயம். ஆனால் பையும் பிள்ளைகளுமாக வரும் குடும்பத்துக்கு இது கூடுதலாக ஒரு பஸ். பஞ்சப்பூரில் இறங்கினால் உள்ளேயே டவுன் பஸ் நிற்கும் பகுதி உண்டு. சத்திரம் அல்லது ஸ்ரீரங்கம் போகிற பஸ்ஸைப் பார்த்து ஏறலாம்.

சென்னையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சமயபுரம் தாண்டும்போதே நீங்கள் ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள். கொள்ளிடத்தின் வடகரையில் நெ.1 டோல்கேட் இருக்கிறது. உங்கள் பஸ் அந்தப் பக்கம் நிற்குமா என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேளுங்கள். நிற்கும் என்றால் அங்கே இறங்கி, டவுன் பஸ்ஸில் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினால் திருவானைக்காவல். தெற்கே பஞ்சப்பூர்வரை போய் மறுபடி வடக்கே வரும் அலைச்சல் மிச்சம்.

அந்தக் கொள்ளிடம் பாலத்தில் போகும்போது பக்கத்தில் ஒரு காட்சியைக் காணவில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். வெள்ளைக்காரர் காலத்து இரும்புப் பாலம் ஒன்று அங்கே இருந்தது. புதுப் பாலம் வந்த பிறகு வாகனங்களுக்கு மூடி, நடைப்பயிற்சிக்காரர்கள் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண்கள் சரிந்து, பாலத்தின் ஒரு பகுதி ஆற்றோடு போனது.

ஒண்ணாம் நம்பர் பஸ் என்றால் என்ன?

திருச்சியில் வழி கேட்டால் பாதிப் பேர் சொல்லும் பதில், "ஒண்ணாம் நம்பர்ல ஏறுங்க". மத்திய பேருந்து நிலையத்தில் கிளம்பி, ஜங்ஷன், மெயின்கார்டு கேட், சத்திரம், காவிரிப் பாலம், திருவானைக்காவல் என்று போய் ஸ்ரீரங்கத்தில் முடியும் தடம் இது. ஒரு சுற்றுலாப் பயணி பார்க்க நினைக்கும் மூன்று முக்கிய இடங்களையும் ஒரே தடம் தொட்டுவிடுகிறது. மெயின்கார்டு கேட்டிலோ சத்திரத்திலோ இறங்கினால் மலைக்கோட்டை, அடுத்து ஜம்புகேஸ்வரர், கடைசியில் ரங்கநாதர். டூர் பேக்கேஜ் போடுகிறவர்கள் இதைத்தான் ஏசி வேனில் வைத்து விற்கிறார்கள்.

பஸ்ஸுக்காக அதிக நேரம் நிற்க வேண்டியிருக்காது. ஒன்று போனால் அடுத்தது பின்னாலேயே வரும். ஆனால் பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் விடியல் பயணத் திட்டத்தின்படி, அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. திருச்சியில் அரசு டவுன் பஸ்ஸுக்குச் சமமாகத் தனியார் டவுன் பஸ்களும் ஓடுகின்றன. அவற்றில் இந்தச் சலுகை இல்லை. பாட்டும் ஏர் ஹாரனுமாக முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் தனியார் பஸ்தான். முன்னும் பின்னும் பிங்க் நிறம் அடித்த அரசு பஸ்ஸா என்று பார்த்து ஏறுங்கள்.

ஆட்டோ வேண்டும் என்றால் ஏறும்முன் கட்டணம் பேசிவிடுவது நல்லது. இறங்கும் இடத்தில் பேசினால் அது பேச்சாக இருக்காது.

நடந்தே எவ்வளவு பார்க்கலாம்?

நினைப்பதைவிட அதிகம். ராஜகோபுரத்திலிருந்து தெற்கே நேராக நடந்தால் ஒரு கிலோமீட்டரில் அம்மா மண்டபம் படித்துறை. காலையில் காவிரியில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு கோயிலுக்கு நடக்கிறவர்களை இந்தச் சாலையில் எந்த நாளும் பார்க்கலாம். ஆடிப்பெருக்கு அன்று கால் வைக்க இடம் இருக்காது. ஆற்றில் தண்ணீர் கூடுதலாகத் திறந்திருக்கும் நாட்களில் தடுப்புக் கம்பியைத் தாண்டி இறங்க வேண்டாம். எட்டிப் பார்த்தால் அமைதியாகத் தெரியும் காவிரி, காலை வைத்தால் இழுக்கும்.

ராஜகோபுரத்திலிருந்து கிழக்கே திருவானைக்காவல் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். பஞ்சபூதத் தலங்களில் நீருக்கு உரியது. கருவறையில் ஊற்று நீர் கசிந்துகொண்டே இருப்பதால் அந்தப் பெயர். மதியம் நடை சாத்துவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். உச்சிக்காலத்தில் அர்ச்சகர் புடவை அணிந்து அம்மன் சன்னிதியிலிருந்து சுவாமி சன்னிதிக்கு வந்து பூஜை செய்யும் வழக்கம் இங்கே உண்டு. அதைப் பார்க்க வேண்டும் என்றால் நேரத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ள வேண்டும். நடை சாத்தியிருக்கும் நேரத்துக்கு ஊர் வைத்திருக்கும் மருந்து, திருவானைக்காவல் நெய் ரோஸ்ட்.

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து மலைக்கோட்டை அடிவாரம் பொடிநடையாகப் பத்து, பதினைந்து நிமிடம். தெப்பக்குளம், பெரிய கடை வீதி வழியாகப் போகும் இந்தப் பாதையில் கார் வைத்திருப்பவர்தான் பாவம். உச்சிப் பிள்ளையார் சன்னிதிவரை நானூறுக்கும் மேற்பட்ட படிகள். நடுவில் தாயுமானவர் சன்னிதி, பாறையைக் குடைந்த பல்லவர் காலக் குடைவரை. உச்சியிலிருந்து பார்த்தால் காவிரி, பாலம், தென்னந்தோப்பு, அதற்கப்பால் ராஜகோபுரம் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். தீவு என்று முதலில் சொன்னது எவ்வளவு உண்மை என்பது அங்கேதான் புரியும்.

முக்கொம்பு, கல்லணை இரண்டுக்கும் சத்திரத்திலிருந்து பஸ் உண்டு. இவை நடக்கும் தூரம் அல்ல.

நடப்பவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: சித்திரை, வைகாசி வெயிலில் கோயில் கல்தரை கொதிக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். காலை ஒன்பது மணிக்குள் பெரிய பிராகாரங்களை முடித்துவிடுங்கள். பகலில் என்றால் சாக்ஸ் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

நடந்து சுற்றுவது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் புகாரிலிருந்து நடந்து வந்து, அரங்கத்தைத் தொட்டு, ஓடத்தில் காவிரியைக் கடந்து உறையூர் போகிறார்கள். இன்றும் சமயபுரம் மாரியம்மனுக்குப் பூச்சொரிதலுக்கும் சித்திரைத் தேருக்கும் மஞ்சள் உடுத்தி நடந்தே போகும் கூட்டம், காவிரிப் பாலத்தையும் கொள்ளிடம் பாலத்தையும் கடந்துதான் போகிறது. சுற்றுச்சூழலுக்கு உகந்த சுற்றுலா என்று இதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும்?

நியாயமான கேள்வி. எண்பது வயது அம்மாவை அழைத்து வருகிறவரிடம் "நடந்து வாருங்கள்" என்று சொல்ல முடியாது. கோயிலுக்குள் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பேட்டரி கார் வசதி இருக்கிறது; சக்கர நாற்காலியும் கேட்டு வாங்கலாம். பிரச்னை கோயிலுக்குள் அல்ல. பஸ் இறங்கும் இடத்துக்கும் கோயில் வாசலுக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கடைசித் தூரத்தில்தான். கூட்ட நாளில் ஆட்டோவும் உள்ளே வராது. இந்தக் கடைசித் தூரத்தை யார், எதில் அழைத்துப் போவது என்பதில்தான் கார் இல்லாத ஊர் என்ற யோசனை உலகம் முழுவதும் ஜெயித்திருக்கிறது அல்லது தோற்றிருக்கிறது.

கார் இல்லாத ஊர்கள் எப்படிச் சமாளிக்கின்றன?

சுவிட்சர்லாந்தில் மேட்டர்ஹார்ன் சிகரத்தின் அடியில் ஸெர்மாட் என்று ஒரு மலைக்கிராமம். உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஆனால் பெட்ரோல், டீசல் கார் உள்ளே வர அனுமதி இல்லை. ஐந்து கிலோமீட்டர் முன்னால் டேஷ் என்ற ஊரில் 2,000-க்கும் மேற்பட்ட கார்கள் நிற்கும் கூரையுள்ள பார்க்கிங். அங்கேயே ரயில் நிலையம். 12 நிமிடத்தில் ரயில் ஸெர்மாட்டில் இறக்கிவிடும். ஊருக்குள் சின்னச் சின்ன மின்சார டாக்ஸிகளும் மின்சார பஸ்ஸும் ஓடுகின்றன. சுற்றுலா படுத்துவிடவில்லை. கார் இல்லை என்பதையே அந்த ஊர் விளம்பரமாக வைத்திருக்கிறது.

நம் நாட்டில் மும்பைக்குப் பக்கத்தில் மாத்தேரான். மோட்டார் வண்டிக்குத் தடை உள்ள மலைவாசத்தலம். கார்களைத் தஸ்துரி நாகா என்ற இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். நேரலிலிருந்து 1907-ல் தொடங்கிய பொம்மை ரயில் ஒன்று மேலே வருகிறது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஊருக்குள் ஆட்களை அழைத்துப் போனது குதிரையும், மனிதன் கையால் இழுக்கும் ரிக்‌ஷாவும். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, கை ரிக்‌ஷாவை ஆறு மாதத்துக்குள் நிறுத்தி, அவர்களுக்கு இ-ரிக்‌ஷா தர வழி செய்யச் சொன்னது. காரைத் தடுத்தால் மட்டும் போதாது. அதற்குப் பதில் என்ன என்று யோசிக்காவிட்டால் ஏழையின் முதுகில்தான் அந்தச் சுமை ஏறும் என்பதற்கு மாத்தேரான் உதாரணம்.

பக்கத்திலேயே பழனி. மலையைச் சுற்றியுள்ள கிரிவலப் பாதையில் கடையும் வாகனமும் அடைத்துக் கிடந்ததை, மதுரைக் கிளை நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2024-ல் அகற்றினார்கள். தனியார் வாகனங்களுக்குத் தடை. கோயில் நிர்வாகமே பேட்டரி கார்களையும் பஸ்ஸையும் இலவசமாக ஓட்டுகிறது. பாதையோரம் பிழைத்துக்கொண்டிருந்த வியாபாரிகளுக்கு இது பெரிய அடி என்பதையும் சொல்ல வேண்டும். நடக்கிறவர்களுக்கு, குறிப்பாகத் தைப்பூசத்துக்கு நடந்தே வருகிறவர்களுக்கு, பாதை திரும்பக் கிடைத்தது.

ஸ்ரீரங்கத்தில் அப்படிச் செய்ய முடியுமா?

பழனியை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. கிரிவலப் பாதையில் மக்கள் சுற்றுகிறார்கள்; ஸ்ரீரங்கம் வீதிகளில் மக்கள் வாழ்கிறார்கள். பள்ளிக்கூட வேன், கேஸ் சிலிண்டர், கல்யாண வீட்டுச் சாமான் எல்லாம் கோபுர வாசல் வழியாகத்தான் வர வேண்டும். குடியிருப்பவரின் வண்டியைத் தடுத்தால் அது நியாயமாக இருக்காது. வெளியூர் காரை நிறுத்தினால் வியாபாரம் படுக்கும் என்று கடைக்காரர்கள் பயப்படுவதிலும் அர்த்தம் இருக்கிறது. ஆனால் காரில் வந்து வாசலில் இறங்கி, தரிசனம் முடிந்ததும் வாசலிலேயே ஏறிப் போகிறவர் கடைப்பக்கம் திரும்புவதே இல்லை. நடந்து வருகிறவர்தான் நின்று, பார்த்து, பேரம் பேசி வாங்குகிறார்.

உண்மையில் வருடத்துக்குச் சில நாட்கள் ஸ்ரீரங்கம் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. மார்கழியில் வைகுண்ட ஏகாதசி வந்தால் போலீஸ் போக்குவரத்து மாற்றம் அறிவிக்கும். வெளியூர் வண்டிகளை ஒதுக்குப்புறமாக நிறுத்தச் சொல்வார்கள். சொர்க்கவாசல் திறக்கும் அந்த விடியற்காலையில் லட்சக்கணக்கானவர்கள் நடந்தே உள்ளே போய் நடந்தே வெளியே வருகிறார்கள். கொள்ளிடக் கரைப் பக்கம், பஞ்சக்கரை சாலையில் 2014-ல் திறந்த யாத்ரி நிவாஸ் இருக்கிறது. தங்கும் அறையும் வண்டி நிறுத்த இடமும் உண்டு. டேஷில் இருப்பது மாதிரி ஓர் இடம் இங்கேயும் கைவசம் இருக்கிறது. அங்கிருந்து கோபுர வாசலுக்கு நிற்காமல் ஓடும் பேட்டரி வண்டிதான் மீதி. ஏகாதசிக்குச் செய்வதை சனி, ஞாயிறுக்கும் பள்ளி விடுமுறைக்கும் நீட்டித்துப் பார்ப்பது ஒன்றும் சுவிட்சர்லாந்து வேலை இல்லை.

காரை விட்டால் எவ்வளவு மிச்சம்?

சென்னையிலிருந்து திருச்சி சுமார் 330 கிலோமீட்டர். போக, வர 660. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் கார் என்றால் 44 லிட்டர் பெட்ரோல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். ஆக, ஒரு குடும்பத்தின் ஒரே ஒரு ஸ்ரீரங்கம் பயணத்தில் 100 கிலோ. டோல்கேட் கட்டணம் தனி. ரயிலில் நான்கு பேர் ஸ்லீப்பரில் போய் வரும் செலவு, இந்த 44 லிட்டர் பெட்ரோல் விலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ராத்திரி முழுக்க ஒருவர் தூங்காமல் ஓட்டவும் வேண்டாம்.

கண்டிப்பாகக் காரில்தான் வர முடியும் என்றால்?

சிலருக்கு வேறு வழி இருக்காது. கைக்குழந்தை, உடம்பு சரியில்லாத பெரியவர், ரயில் இல்லாத ஊர். அப்படி வந்தால் காரைக் கோபுர வாசல்வரை கொண்டுபோகப் பார்க்காதீர்கள். முடியாதவர்களை மட்டும் வாசல் பக்கம் இறக்கிவிட்டு, காரைப் பஞ்சக்கரை சாலைப் பக்கமோ, நீங்கள் தங்கும் விடுதியிலோ விட்டுவிடுங்கள். அன்று முழுக்க அதைத் தொட வேண்டாம். திருவானைக்காவலுக்கும் மலைக்கோட்டைக்கும் ஒண்ணாம் நம்பர் இருக்கிறது. வீதியில் ஒரு வீட்டு வாசலை மறித்து "அஞ்சு நிமிஷம் சார்" என்று நிறுத்திவிட்டுப் போனால், அந்த அஞ்சு நிமிஷம் தரிசன வரிசையில் இரண்டு மணி நேரமாகும்.

திரும்பும்போது?

சென்னைக்கு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ராத்திரியில்தான் கிளம்புகிறது. சாயங்காலம் மலைக்கோட்டை ஏறி, பெரிய கடை வீதியில் சுற்றிவிட்டுப் போனாலும் நேரம் இருக்கும். ஜங்ஷன் போய் ஏறலாம். அல்லது முன்பதிவு செய்யும்போதே ஏறும் இடத்தை ஸ்ரீரங்கம் என்று போட்டுவிடலாம். ஸ்ரீரங்கத்தில் ரயில் ஓரிரு நிமிடம்தான் நிற்கும். உங்கள் பெட்டி எந்த இடத்தில் வந்து நிற்கும் என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு, பெரியவர்களை அங்கே உட்கார வைத்துவிடுங்கள்.